தண்டையலின் மெடிக்கல் போட்

பித்தளை மணி ஒன்று என் தலைக்கு மேலே தொங்கும். மேல்தட்டில் சுக்கானுக்குப் பக்கத்திலிருந்து இறங்கிவரும் கயிறு அதில் கட்டப்பட்டிருக்கும். மேலே தண்டையல் கயிற்றை இழுத்தால் கீழே எஞ்சின் அறையில் எனக்கு மணி அடிக்கும். ஒன்று என்றால் முன்னுக்கு, இரண்டு என்றால் நிறுத்து, மூன்று என்றால் பின்னுக்கு. எஞ்சின் அறையில் இருப்பவனுக்குக் கடலும் தெரியாது, கரையும் தெரியாது. டீசல் மணமும் சூடும் அந்த மணியும்தான். நெடுந்தீவுக்கும் யாழ்ப்பாணம் போகிற பஸ் நிற்கும் குறிகட்டுவான் துறைக்கும் இடையில் ஓடிய அரசாங்கப் படகில் நான் எஞ்சின்காரனாக இருந்த காலம் முழுவதும், மேலே நின்ற ஒரு மனிதரின் கையை நம்பித்தான் என் வேலை நடந்தது.

தண்டையல் என்பது படகைச் செலுத்துபவருக்கு எங்கள் பக்கத்தில் வழங்கும் பெயர். எங்கள் தண்டையலுக்கு அப்போது ஐம்பது வயது தாண்டி இரண்டு மூன்று வருடங்கள்தான். நெடுந்தீவுக் கத்தோலிக்கர். நல்ல உயரம், வெயிலில் கறுத்த முகம், எப்போதும் வெள்ளையாய்த் துவைத்த அரைக்கைச் சட்டை. எவரோடும் பேச்சுக் கொடுப்பார். படகில் ஏறும் கிழவிகளின் சுகம் விசாரிப்பார், ஆசிரியைகளுக்குக் கை கொடுத்து ஏற்றுவார், இறங்குதுறையில் சோதனை செய்யும் நேவிக்காரனிடம் தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் ஊரில் மழையா என்று கேட்பார். ஆனால் காற்றுப் பிழை என்று அவருக்குப் பட்டுவிட்டால் எந்த அதிகாரி வந்து நின்றாலும் படகை எடுக்கமாட்டார். ஒருமுறை மாவட்டச் செயலகமான கச்சேரியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் அவசரமாய்ப் போகவேண்டும் என்று சத்தம் போட்டபோது, அவருக்குக் கதிரை கொண்டுவந்து போட்டு, பால் விடாத பிளேன்ரீயும் வாங்கிக்கொடுத்து, மாலை வரைக்கும் கரையிலேயே இருத்திவைத்தார்.

நான் புங்குடுதீவு இறுப்பிட்டியைச் சேர்ந்தவன். படகு இரவில் நெடுந்தீவு மாவலித்துறையில் கட்டப்படும் என்பதால் அங்கே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சாப்பாடு தண்டையல் வீட்டில். அவருடைய மனைவியை நான் அக்கா என்பேன். ஒரே மகள், யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

சமாதானம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த அந்த வருடங்களின் பிற்பகுதியில், ஒரு காலை, குறிகட்டுவான் துறையை அணுகிக்கொண்டிருந்தோம். இரண்டு மணி அடித்தது, நிறுத்தினேன். அடுத்து மூன்று அடிக்கவேண்டும். எத்தனையோ வருடப் பழக்கத்தில் அது எப்போது வரும் என்று என் உடம்புக்கே தெரியும். அன்று ஒரு மணி அடித்தது. முன்னுக்கு! கையைக் கியரில் வைத்தபடி உறைந்து நின்றேன். மறுபடியும் ஒன்று, முன்னதைவிடப் பலமாக. மேலே யாரோ கத்துகிற சத்தம் கேட்டது. நான் மணியை நம்பாமல் பின்னுக்குப் போட்டேன். படகு துறைச் சுவரில் உராய்ந்து, ஒரு பக்கம் சரிந்து நின்றது. ஒருவருக்கும் காயமில்லை. ஒரு கூடைக் கோழிதான் தண்ணீரில் விழுந்தது.

ஏறிப் போனேன். தண்டையல் என்னைக் கோபத்தோடு பார்த்தார்.

“ஏன் தம்பி பின்னுக்கு எடுத்தனீர்? நான் முன்னுக்கெல்லோ அடிச்சனான்?”

தவறு செய்தவர் சமாளிக்கிற குரலாக அது இருக்கவில்லை. தன் கட்டளையை மீறிவிட்டேன் என்ற உண்மையான வருத்தம். முன்னே சுவர் ஒரு முழத்தில் நின்றது. அதை அவர் பார்த்துக்கொண்டுதான் பேசினார்.

அன்று பின்னேரம் அக்காவிடம் சொன்னேன். அவர் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

“நித்திரை காணாது அவருக்கு. வேறை ஒண்டுமில்லை.”

“அக்கா, முந்தநாள் மாவலித்துறையிலை நிண்டுகொண்டு, துறைக்கு எந்தப் பக்கத்தாலை போறதெண்டு என்னட்டைக் கேட்டவர்.”

“பகிடிக்குக் கேட்டிருப்பார். நீர் உதை ஒருத்தருக்கும் சொல்லிக்கொண்டு திரியாதையும்.”

அப்போதுதான் சில விஷயங்கள் எனக்கு வெளித்தன. கொஞ்சக் காலமாகக் காலையில் மீன் வாங்கப் போகிறேன் என்று அக்காவும் அவரோடு துறைவரைக்கும் நடந்து வருவார். அவர்கள் வீட்டுக்கே மீன்காரர் வருவார். துறைக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. தண்டையல் பூசைக்குப் போனால் அக்கா கோவில் வாசலிலேயே காத்துநின்று கூட்டிவருவார். தண்டையல் எதையாவது மறந்து தடுமாறும்போது, அந்தச் சொல்லை அவர் வாய்க்கு முன்னால் மெதுவாகக் கொண்டுபோய் வைப்பார். அத்தனை திறமையாகச் செய்ததால், வெளியில் எவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மகளுக்குக் கலியாணப் பேச்சு தொடங்கியிருந்தது. தகப்பனுக்கு மூளை பிசகு என்று ஒரு சொல் தீவில் கிளம்பினால் அது படகைவிட வேகமாய் யாழ்ப்பாணம் போய்ச் சேரும். அதோடு அவருடைய வேலையும் இருந்தது. நெடுங்காலம் தற்காலிக ஊழியராக வைத்திருந்துதான் அவரை நிரந்தரமாக்கினார்கள். தானாக வேலையை விட்டால் ஓய்வூதியம் இல்லை. பிழை விட்டு நிறுத்தினால் அதுவும் இல்லை. வேலை செய்ய உடம்பு ஏலாது என்று மருத்துவச் சபை எழுதிக்கொடுத்தால் மட்டும்தான் உண்டு. அரசாங்க வேலைக்காரர் எல்லோரும் அதை மெடிக்கல் போட் என்போம். படகையும் நாங்கள் போட் என்றுதான் சொல்வோம்.

அடுத்த சோளகத்தில் அது நடந்தது. சோளகம் தெற்கிலும் மேற்கிலுமிருந்து அடிக்கிற காற்று. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் போகும்போது அது பின்னாலிருந்து படகைத் தூக்கித் தூக்கிவிடும். அன்று மத்தியானம் துறையை விட்டுக் கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு ஆட்டம் மாறியது. அலை முன்னாலிருந்து முகத்தில் அறைவதுபோல் வந்து மோதியது. எஞ்சின் அறையில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும், கால் சொல்லிவிட்டது. படகைத் துறையில் கட்டக் கயிறு போடுகிறவரைக் கூப்பிட்டு எஞ்சினைப் பார்க்கச் சொல்லிவிட்டு மேலே ஓடினேன்.

படகு மேற்கே, திறந்த கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. இடப்பக்கம் முன்னால் இருக்கவேண்டிய நயினாதீவு வலப்பக்கமாய்ப் பின்தங்கிக்கொண்டிருந்தது. சனம் நிறைந்த படகு. சிலர் என்னைப் பார்த்தார்கள். ஒரு தாய் பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தப் பக்கம் பொதுப்படகு போகக் கூடாத கடல். தூரத்தில் நேவியின் சிறு படகு ஒன்று எங்களை நோக்கித் திரும்புவதைக் கண்டேன்.

தண்டையல் சுக்கானை இறுகப் பிடித்து நின்றார். நெற்றியில் வியர்வை. என்னைக் கண்டதும் தணிந்த குரலில் சொன்னார்.

“தம்பி, குறிகட்டுவானைக் காணேல்லை. ஆரோ எடுத்துப்போட்டாங்கள்.”

சுக்கானைப் பறித்திருக்கலாம். பறித்தால் அவர் விட்டிருக்கமாட்டார், சனம் எழும்பியிருக்கும், வருகிறவன் துவக்கோடு வருகிறான். நான் அவருக்குப் பக்கத்தில் போய் நின்று, முடிந்தவரைக்கும் சாதாரணமாகக் கேட்டேன்.

“அண்ணை, எனக்கும் ஒருக்காச் சுக்கான் பிடிச்சுப் பாக்க ஆசை. பக்கத்திலை நிண்டு சொல்லித் தாறீங்களே?”

அவருடைய முகம் இளகியது. “வாரும், வாரும். எத்தினை வரியமாய்ச் சொல்லுறன், கீழையே கிடந்து புகை குடிக்காதையும் எண்டு.” சுக்கானை என்னிடம் தந்து, தோளில் கைவைத்துக்கொண்டார். நான் மெல்லத் திருப்பினேன். “பொறும், பொறும். அலை ஒண்டு போகட்டும். இப்ப.” அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. எங்கே போவது என்பதுதான் அவரிடம் இல்லை. எப்படிப் போவது என்பது அப்படியே இருந்தது.

நேவிப் படகு பக்கத்தில் வந்தபோது அவர் கையை உயர்த்தி, சிரித்த முகத்தோடு “கொஹொமத மஹத்தயா!” என்று சிங்களத்தில் சுகம் கேட்டார். துவக்கைப் பிடித்து நின்றவன் தினமும் துறையில் அவரைக் காண்பவன். அவனும் சிரித்தான். காற்றில் ஒதுங்கிவிட்டோம் என்று நான் கையால் காட்டினேன். விலகிப் போனார்கள். அன்று எல்லோரையும் காப்பாற்றியது அந்தச் சிரிப்புத்தான். பிறகு அதே சிரிப்புத்தான் எங்களுக்குக் குறுக்கே வந்து நின்றது.

“அக்கா, இனி நான் அவரைச் சுக்கானிலை விட்டு எஞ்சின் ஓட்டமாட்டன். நாளைக்குக் கந்தோரிலை சொல்லப்போறன்” என்றேன் அன்று மாலை. அவர் மறுக்கவில்லை. ஏதோ ஒன்றைக் கனகாலம் தூக்கி நின்றவர் போல நிலத்தில் இருந்துவிட்டார்.

மறுநாள் கந்தோருக்குப் போய் அதிகாரியிடம் சொன்னேன். சுகயீன லீவு கொடுத்தார்கள். பதிலுக்கு வேறொரு தண்டையல் வந்தார். லீவு முடியும் தறுவாயில் மெடிக்கல் போட்டுக்கு அழைப்பு வந்தது. நானும் கூடப் போனேன்.

குறிகட்டுவானிலிருந்து யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் அவர்களுக்குப் பின் சீற்றில் இருந்தேன். வழி முழுக்க அக்கா அவரோடு கதைத்துக்கொண்டே வந்தார். இன்றைக்கு என்ன கிழமை, என்ன மாதம், சனாதிபதி யார், மகளுக்கு என்ன வயது. அவர் ஒவ்வொன்றுக்கும் மறுமொழி சொன்னார், பிழைத்தால் அக்கா திருத்தினார். சோதனைக்குப் போகிற பிள்ளைக்குப் பாடம் கேட்பது போல. ஏன் இது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. வழிப்பயணத்தில் அவரைப் பதற்றமில்லாமல் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

வைத்தியர்கள் மூன்று பேர். கதவு சாத்தியிருந்தாலும் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. தண்டையல் ஒரு வைத்தியரின் ஊர் எதுவென்று விசாரித்து, அவருடைய பெரியப்பாவைத் தான் கோடைத் திருவிழாவுக்கு ஏற்றிப்போன கதையைச் சொல்லியிருக்கிறார். கிழமை, மாதம், சனாதிபதி எல்லாம் சரி. வெளியே வந்தபோது முகம் பூரித்திருந்தது.

“எனக்கு ஒரு வருத்தமும் இல்லையாம். திங்கக்கிழமை வேலைக்குப் போகலாமாம்!”

அக்கா வாங்குப் பலகையில் இருந்து எழும்பவில்லை. தண்டையல் தண்ணீர் குடிக்கப் போனபின், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். “பைத்தியமெண்டு எழுதிப்போடுவினமோ எண்டு பயந்திட்டன் தம்பி. கேள்வி கேக்க அவர் முழுசிக்கொண்டு நிண்டால் சிரிப்பினம் எண்டு நினைச்சன். அவர் தலைகுனிஞ்சு நிக்கிறதை என்னாலை பாக்க ஏலாது.”

அவர் வெட்கப்படாமல் இருக்க அக்கா செய்த காரியம், அவரை மறுபடியும் சுக்கானில் கொண்டுபோய் நிறுத்தியது. அதிகாரி கையை விரித்தார். “மூண்டு டொக்டர்மார் தகுதி எண்டு எழுதியிருக்கினம். நீர் ஏலாது எண்டு சொல்லுறீர். நான் ஆற்றை சொல்லைக் கேக்கிறது?” அவரைக் குறை சொல்லவும் முடியாது. மறுபடியும் போட்டுக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். அதுவரைக்கும் கயிறு போடுகிறவர் எஞ்சினைப் பார்க்க, நான் மேலே தண்டையலுக்குப் பக்கத்தில் நிற்க, தான் கண்டும் காணாமல் இருப்பதாகச் சொன்னார்.

அந்த மாதங்கள் முழுக்க அப்படித்தான் ஓடினோம். நாடு மறுபடியும் சண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துறையில் சோதனை இறுகியது. இன்ன வழியால் மட்டும் வா, இன்ன நேரத்தில் மட்டும் வா என்று கட்டளை மேல் கட்டளை. கடலில் வெடிச்சத்தம் கேட்காத வாரம் குறைவு. நான் பக்கத்தில் தொழில் பழகுகிறவன் போல நிற்பேன். அவர் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத் தவிர வேறெதையும் பார்க்கமாட்டேன். அக்காவும் தினமும் படகில் ஏறினார். கையில் ஒரு பனையோலைக் கடகம், சந்தைக்குப் போகிறவர் மாதிரி. சுக்கானுக்குப் பக்கத்துப் பலகையில் இருந்துகொண்டு, “இஞ்சாருங்கோ, நயினாதீவுக் கோபுரம் இண்டைக்கு வடிவாய்த் தெரியுது என்ன?” என்பார். கோபுரம் எந்தப் பக்கம் என்று கையால் காட்டவும் செய்வார். தண்டையல் அதைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்வார். குறிகட்டுவானில் இறங்காமலே அடுத்த ஓட்டத்தில் அக்கா திரும்பி வருவார். கடகம் வெறுமையாகவே இருக்கும். சனத்துக்கு எல்லாம் விளங்கியிருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிலர் படகில் ஏறுவதை விட்டார்கள், ஆனால் வேறு வழியும் இல்லாத கடல் அது.

ஒருநாள் நடுக்கடலில் சுக்கானை விட்டுவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, “நீர் ஆர் தம்பி, புதிசாய் வந்தனீரோ?” என்று மரியாதையாகக் கேட்டார். அக்கா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இருத்தினார். மீதித் தூரத்தை நான் ஓட்டினேன்.

அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் ஒரு வைத்திய நிபுணர் பார்த்தார். மூளையைப் படம் பிடிக்கவேண்டும், அதற்குக் கொழும்புக்குத்தான் போகவேண்டும் என்றார். நாளும் எடுத்துத் தந்தார். அந்த ஆவணியில் சண்டையால் கொழும்புத் தரைப்பாதை பூட்டுப்பட்டது. கப்பலுக்குப் பதிந்து காத்திருப்போர் வரிசையில் நோய் வருத்தக்காரர் ஆயிரம். எங்கள் முறை வரவே இல்லை. படகு ஓட்டமும் அடிக்கடி நின்றது. அவருக்குச் சம்பளமில்லா லீவு. அக்கா பனங்கிழங்கு அவித்துக் காயவைத்து விற்றார். மகளின் கலியாணப் பேச்சு தானாகவே நின்றுபோயிற்று. எதற்காகப் பயந்து எல்லாவற்றையும் மறைத்தாரோ, அது மறைத்தும் நடந்துவிட்டது.

மறுவருடம் இரண்டாவது போட்டுக்கு அழைப்பு வந்தது. முதல்நாள் அக்கா அவரிடம், “நாளைக்கு விடியப் போட்டுக்குப் போகவேணும்” என்று சொல்லியிருக்கிறார். காலையில் நான் போனபோது தண்டையல் வீட்டில் இல்லை. அக்காவும் நானும் துறைக்கு ஓடினோம். தண்டையல் வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, கட்டியிருந்த படகுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நேவிக்காரன் ஒருவன் அவரை மறித்தபடி நின்றான். துவக்கு நிலத்தைப் பார்த்திருந்தது.

“போட்டுக்கு வரச்சொல்லிப்போட்டு இவன் மறிக்கிறான்” என்றார் எங்களைக் கண்டதும், முறைப்பாடு செய்வது போல.

இந்த முறை பஸ்ஸில் அக்கா ஒரு சொல்லும் சொல்லிக்கொடுக்கவில்லை. கைகளை மடியில் கோத்து, வாயை இறுக்கிக்கொண்டு வந்தார். தண்டையல் ஏதாவது கேட்டால் மட்டும் மறுமொழி. அதுவே அக்காவுக்கு எவ்வளவு பாரம் என்பது அவரது முகத்தில் தெரிந்தது.

இந்த முறை எங்களையும் உள்ளே கூப்பிட்டார்கள். நடுவில் இருந்தவர் நடுவயதுப் பெண் வைத்தியர். இரண்டு பக்கமும் ஆண்கள். ஒருவர் பழைய அறிக்கையைத் தட்டிப் பார்த்து, “போனமுறை எல்லாம் சரியாய்த்தானே சொல்லியிருக்கிறார். இப்ப கன பேர் பென்சனுக்காக இப்பிடி வருகினம்” என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. படம் இல்லை. வேறு எந்தச் சான்றும் இல்லை.

பெண் வைத்தியர் கேள்வி கேட்டார். தண்டையல் ஒவ்வொரு கேள்விக்கும் முன்பாகச் சிரித்தார், பிறகு தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தார். வைத்தியர் அதைக் கவனித்துவிட்டார். “அம்மா, நீங்கள் கொஞ்சம் பின்னாலை இருங்கோ. இண்டைக்கு அவருக்கு உதவி செய்யவேண்டாம்.” அக்காவின் கதிரையை அவருக்குப் பின்னால் நகர்த்தினேன். அவர் திரும்பித் தேடினார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். இன்றைக்கு என்ன கிழமை? “உங்களுக்குத் தெரியாததோ டொக்டர்” என்றார், சிரித்தபடி. எந்த மாதம்? “கடலைப் பாத்தால் சொல்லிப்போடுவன். இஞ்ச கடல் தெரியேல்லையே.” எல்லாவற்றுக்கும் ஒரு மறுமொழி இருந்தது. எதிலும் விடை இருக்கவில்லை. ஆனாலும் அவ்வளவு நயமாகச் சொன்னதால், அறிக்கையைத் தட்டியவர் இன்னும் நம்பாத முகத்தோடுதான் இருந்தார்.

“வீட்டிலை என்ன நடக்குது எண்டு நீங்கள் சொல்லுங்கோ அம்மா. ஒண்டும் மறைக்கவேண்டாம்.”

அக்கா எழுந்து நின்றார். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னார். தண்டையலின் முதுகுக்குப் பின்னால், அவர் கேட்கத்தக்கதாக. சட்டையைக் காலில் போடப் பார்ப்பது. கிணற்றடிக்குப் போய் ஏன் வந்தேன் என்று தெரியாமல் நிற்பது. மகள் வந்தபோது விருந்தாளி என்று எழுந்து கதிரை கொடுத்தது. கழிப்பறை தெரியாமல் அலுமாரிக்குப் பக்கத்தில் போனது. கடைசியாகப் படகைத் திறந்த கடலுக்குக் கொண்டுபோனது. அந்த இரண்டு மூன்று வருடங்களில் அக்கா எவருக்கும் சொல்லாதவை அத்தனையும். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தபோது தண்டையல் மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருப்பதைக் கண்டேன். முகத்தில் வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை. பக்கத்து வீட்டில் நடந்த துக்கத்தைக் கேட்கிறவரின் முகம். நாக்கால் ‘ச்சு’ என்று ஒரு சத்தம் கூட.

பெண் வைத்தியர் பேனையை வைத்துவிட்டு அவரையே பார்த்தார்.

“ஐயா, இவ சொன்னதைக் கேட்டீங்கள்தானே? அப்பிடி ஒருத்தர் உங்கட போட்டிலை சுக்கான் பிடிக்கப்போறன் எண்டு வந்தால், விடுவீங்களோ?”

தண்டையல் நிமிர்ந்து இருந்தார். சிரிப்புப் போய்விட்டது. கச்சேரிப் பெரியவரைக் கரையில் இருத்திவைத்த நாளில் நான் கண்ட முகம் அது.

“விடேலாது டொக்டர். பாவம் அந்த மனுசன், வேணுமெண்டு செய்யேல்லை. அவருக்கும் பெண்சாதி பிள்ளை இருக்கும், அதுகளுக்குச் சாப்பாட்டுக்கு ஏதும் ஒழுங்கு செய்து குடுங்கோ. ஆனால் சுக்கானிலை மட்டும் விட்டுப்போடாதேங்கோ. சனம் ஏறுற போட் எல்லோ.”

அறிக்கையைத் தட்டியவர் அதை மூடி ஒரு பக்கம் வைத்தார். பெண் வைத்தியர் எழுதத் தொடங்கினார். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு, மற்ற இருவரிடமும் நகர்த்தினார். எழுந்து வந்து தண்டையலின் கையைப் பிடித்து, “நன்றி ஐயா” என்றார். அவர் எழுந்து நின்று, வந்ததற்குத் தான்தான் நன்றி சொல்லவேண்டும் என்பது போலத் தலையசைத்தார்.

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் இறங்கும்போது அக்காவால் அடக்க முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். தண்டையல் ஒரு படி திரும்ப ஏறி வந்து நின்றார்.

“இஞ்சாரும், ஏன் அழுகிறீர்? அந்த மனுசன் உமக்குச் சொந்தமோ?”

“ஓம்” என்றார் அக்கா. “கிட்டின சொந்தம்.”

“அப்ப ஒருநாளைக்குப் போய்ப் பாத்திட்டு வருவம்” என்று சொல்லி அவருடைய கையைப் பிடித்து இறக்கினார்.

ஓய்வூதியம் வந்துசேர மாதங்கள் ஆயின. ஆனால் வந்தது. அக்கா பனங்கிழங்கு விற்பதை நிறுத்தி, முழுநேரமும் அவரோடு இருந்தார். மெல்ல மெல்லச் சொற்கள் போயின. பிறகு நடை போயிற்று. சண்டை முடிந்த வருடத்தில், வாடைக்காற்றுத் தொடங்குவதற்கு முன், காய்ச்சல் கண்டு இரண்டாம் நாள் போய்விட்டார். சவ அடக்கத்துக்கு அந்தத் துறை நேவிக்காரன்கூட வந்து பின்வரிசையில் நின்றான்.

எனக்குள் ஒரு கேள்வி கனகாலம் இருந்தது. அன்று அந்தக் கதிரையில் இருந்து அவர் சொன்னது, வேறொருவனைப் பற்றி என்று நினைத்துத்தானா? அல்லது ஏதோ ஒரு வெளிச்சத்தில், தன்னைத்தான் என்று தெரிந்தா? அந்த நிமிர்வையும் அந்தக் குரலையும் நினைக்கும்போது தெரிந்துதான் சொன்னார் என்று படும். படிக்கட்டில் கேட்ட கேள்வியை நினைத்தால் இல்லை என்று படும். அவர் இறந்து சில மாதங்களுக்குப் பின், நெடுந்தீவில் தங்குவதை நான் விட்டிருந்த காலத்தில், வேலையாக அங்கே போன ஒருநாள் அக்கா வீட்டுக்குப் போனேன். விதவை ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு அப்போதுதான் வந்திருந்தார். மகள் ஆசிரியையாகி அதே தீவில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டுவிட்டேன்.

அக்கா தன் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அவருக்குத் தன்னைத் தெரிஞ்சிராது தம்பி. சனத்தைத் தெரிஞ்சிருக்கு.”

கோப்பையை வாங்கிக் கழுவப் போனவர், குசினியிலிருந்து சத்தமாக, கடைசிப் போட் வெளிக்கிடப் போகுது, கெதியாய் நடவும் என்றார்.